‘சிஸ்டம் நிறுத்திவிட்டது’ என்றால் அது உத்தரவாகிவிடுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 54. கொத்தனார் வேலை பார்த்த அப்பா இறந்து பத்து வருடம் ஆகிறது. அம்மாவுக்கு மாதம் 1,200 ரூபாய் வந்துகொண்டிருந்த ஆதரவற்ற விதவை உதவித்தொகை ஏழு மாதமாக நின்றுவிட்டது. தாலுகா அலுவலகத்தில் கேட்டால், “சிஸ்டத்துலயே நின்னுடுச்சும்மா, எங்க கையில இல்ல” என்கிறார்கள். ஓர் ஊழியர் இரக்கப்பட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார். ‘குடும்ப ஓய்வூதியம் பெறுபவர்’ என்று இருந்தது. போனில் படம் எடுத்துக்கொண்டேன். “ஏன் நிறுத்தினீர்கள்?” என்று என் பெயரில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். “கணினி ஒப்பீட்டின் அடிப்படையில் நிறுத்தப்பட்டது. பிரிவு 8(1)(ஜே)-ன்படி தனிப்பட்ட தகவல் என்பதால் விவரம் வழங்க இயலாது” என்ற பதில் கைக்கு வந்து 12 நாள் ஆகிறது. மேல்முறையீட்டை ஒரு ஏ.ஐ. செயலியிடம் எழுதி வாங்கினேன். இரண்டு தீர்ப்புகளையும் காட்டியிருக்கிறது. அப்படியே அனுப்பலாமா? - ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் நாள் கணக்கைப் பார்த்துவிடுவோம். பதில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். உங்களுக்கு இன்னும் 18 நாள் இருக்கிறது. ஏ.ஐ. எழுதியதை அப்படியே அனுப்ப வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

‘சிஸ்டம்’ என்று ஓர் அதிகாரி எந்தச் சட்டத்திலும் கிடையாது. உதவித்தொகையை அனுமதிக்கவும் நிறுத்தவும் அதிகாரம் பெற்றவர் ஒரு மனிதர். கணினி ஒரு பட்டியலைக் கொடுக்கலாம், சந்தேகம் என்று ஒரு பெயரைச் சுட்டிக்காட்டலாம். அதைப் பார்த்து முடிவெடுத்து, காரணம் எழுதி, கையெழுத்துப் போட வேண்டியது அந்த அதிகாரிதான். ஒருவருக்குக் கிடைத்துவரும் பலனை நிறுத்துவதற்கு முன் நோட்டீஸ் கொடுத்து, அவர் தரப்பைக் கேட்க வேண்டும். இது இயற்கை நீதியின் அரிச்சுவடி. அம்மாவுக்கு நோட்டீஸும் வரவில்லை, உத்தரவும் வரவில்லை என்றால், வழக்கில் நம் முதல் வாதமே அதுதான். உத்தரவில் இல்லாத காரணத்தைப் பிற்பாடு பிரமாணப் பத்திரத்தில் எழுதிச் சேர்க்க முடியாது என்று மொகிந்தர் சிங் கில் வழக்கில் 1977-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உத்தரவே இல்லையென்றால் அவர்கள் எதைக் காட்டுவார்கள்?

திரையில் நீங்கள் பார்த்த அந்த ஒரு வரி, என்ன நடந்திருக்கும் என்பதை ஓரளவு சொல்கிறது. உதவித்தொகைப் பட்டியலையும் கருவூலத்தின் ஓய்வூதியப் பட்டியலையும் பொருத்திப் பார்த்திருப்பார்கள். நம் பெயர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, ஒற்றை முன்னெழுத்துதான். கோமதி என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் ‘கே’ போட்டு எழுதுவார், இன்னொருவர் ‘ஜி’ போட்டு எழுதுவார். ஒரே கிராமத்தில் அதே முன்னெழுத்தோடு இரண்டு கோமதிகள் இருப்பது அதிசயமே இல்லை. ‘கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது’ என்று கணினி சொல்வதை ‘இவரேதான்’ என்று எடுத்துக்கொண்டால், ஒரு கோமதியின் ஓய்வூதியம் இன்னொரு கோமதியின் சோற்றில் கை வைத்துவிடும். அம்மா விஷயத்திலும் இதுதான் நடந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பதிவைப் பார்த்தால்தான் தெரியும். அந்தப் பதிவை எப்படி வாங்குவது என்பதுதான் இப்போது கேள்வி.

உங்கள் முதல் மனுவில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, என்னிடம் வருகிற பாதிப் பேர் செய்வதுதான். ஒன்று, உங்கள் பெயரில் கேட்டது. சட்டத்தின் பார்வையில் அம்மாவின் விவரம் உங்களுக்கு மூன்றாம் நபர் விவரம். அம்மாவே கேட்டால் அந்தக் காரணம் பெரிதும் அடிபட்டுப் போகும். தன்னைப் பற்றிய தகவலைத் தனக்கே மறைப்பது அந்தரங்கத்தைக் காப்பதாகாது. தேர்வு எழுதியவர் தன் விடைத்தாளைத் தானே பார்க்கலாம் என்று சி.பி.எஸ்.இ. எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதை இதற்குத் துணையாகக் காட்டலாம்.

இரண்டாவது, “ஏன்?” என்று கேட்டது. கையில் இருக்கிற ஆவணத்தைத் தருவதுதான் தகவல் அலுவலரின் வேலை. இல்லாத ஒன்றைப் புதிதாக எழுதித் தர வேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அதனால் விளக்கம் கேட்காமல் காகிதத்தைக் கேளுங்கள். கணினியில் இருப்பதும் காகிதம்தான்: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 2(ஐ), கணினி உருவாக்கிய எதையும் ‘பதிவேடு’ என்கிறது.

அம்மாவின் பெயரிலும் கையெழுத்திலும் புது மனு ஒன்று போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். உதவித்தொகையை நிறுத்திய உத்தரவின் நகல், கோப்பில் உள்ள குறிப்புகள், நிறுத்திய நாளில் அம்மாவின் பதிவு திரையில் இருந்தபடியே ஓர் அச்சுப்படி, அந்தப் பதிவு எந்தத் தேதியில் எந்தப் பதவியில் உள்ளவரின் உள்நுழைவிலிருந்து மாற்றப்பட்டது என்ற விவரம், வி.ஏ.ஓ. நேரில் விசாரித்திருந்தால் அந்த அறிக்கை, இந்த ஒப்பீட்டைச் செய்யச் சொன்ன அரசாணை அல்லது சுற்றறிக்கை, எந்தெந்தப் பட்டியல்களில் எந்தெந்த விவரங்கள் பொருத்தப்பட்டன என்று காட்டும் ஆவணம். இவ்வளவும் சான்றொப்பமிட்ட நகலாக வேண்டும் என்று எழுதுங்கள். மென்பொருளின் உள் நிரலைக் கேட்காதீர்கள். வணிக ரகசியம் என்று 8(1)(டி)-யைக் காட்டி மொத்தத்தையும் மூடிவிடுவார்கள். அம்மாவோடு பொருத்தப்பட்ட இன்னொரு பெண் இருந்தால், அவருடைய பெயரோ கணக்கு எண்ணோ நமக்கு வேண்டாம். அவருக்கும் அந்தரங்க உரிமை உண்டு. அதை மட்டும் மறைத்துவிட்டு மீதியைத் தர பிரிவு 10 வழி செய்கிறது என்று மனுவிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பாதிக்கப்பட்டவருக்குக் காரணத்தைத் தெரிவிப்பது அரசு அலுவலகத்தின் கடமை என்று பிரிவு 4(1)(டி) சொல்கிறது. மனு போடாமலேயே செய்ய வேண்டிய கடமை அது. அதையும் எடுத்துக் காட்டுங்கள்.

பழைய மனுவுக்கான மேல்முறையீட்டையும் விட்டுவிடாதீர்கள். அம்மாவின் அங்கீகாரக் கடிதத்தை இணைத்து அனுப்புங்கள். புதுக் கேள்விகளை அதில் நுழைக்காதீர்கள், அது நிற்காது. 8(1)(ஜே) பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். முன்பு தனிப்பட்ட தகவலானாலும் பொது நலன் இருந்தால் தரலாம் என்ற அளவுகோல் அந்த உட்பிரிவிலேயே இருந்தது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை எடுத்துவிட்டு, ‘தனிப்பட்ட தகவல் தொடர்பான தகவல்’ என்று சுருக்கிவிட்டது. 2025 நவம்பரில் இந்தத் திருத்தம் நடைமுறைக்கும் வந்துவிட்டது. குடிமகனைக் காக்க எழுதிய சட்டம் அலுவலகக் கதவுக்குத் தாழ்ப்பாளாக மாறுவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. ஆனால் பொது நலன் மேலோங்கினால் தகவலைத் தரலாம் என்னும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது. அதை மேல்முறையீட்டில் முதலில் எழுதுங்கள். அதே 2023 சட்டம் நம் தரவைப் பார்க்கவும் பிழை திருத்தவும் உரிமை தருகிறதே என்று கேட்பீர்கள். அந்தப் பிரிவுகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள், 2027 மே மாதம் வரை காத்திருக்க வேண்டும்.

தகவல் வாங்கினால் மட்டும் உதவித்தொகை வந்துவிடாது. எனவே, வேறெந்த ஓய்வூதியமும் பெறவில்லை என்ற அம்மாவின் உறுதிமொழி, பாஸ்புக் நகல் இரண்டையும் வைத்து, திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அம்மா பெயரில் குடும்ப ஓய்வூதியம் இருக்கிறதா என்று கருவூலத்திலும் எழுதிக் கேளுங்கள். ‘இல்லை’ என்று ஒரு வரி வந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டோம். நியாயமான அவகாசம் கொடுத்தும் நடக்கவில்லை என்றால், அரசமைப்புச் சட்டம் 226-ன் கீழ் சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ ரிட் மனு.

நீங்கள் எடுத்த படத்தை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் பிரிவு 63-ன்படி, மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாக்கச் சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பையும் (கோப்பின் கைரேகை போன்ற எண்; கோப்பு மாறினால் இதுவும் மாறிவிடும்) குறிப்பிட வேண்டும். மூலக் கோப்பு போனில் அப்படியே இருந்தால் இது எளிது. வாட்ஸ்அப்பில் பத்து பேருக்குச் சுற்றி வந்த படமென்றால் சிக்கல். இரக்கப்பட்டுத் திரையைக் காட்டிய அந்த ஊழியருக்குத் தொல்லை வரக்கூடாது என்பதாலும் சொல்கிறேன், அலுவலகத்திலிருந்து சான்றொப்ப நகல் வந்துவிட்டால் இந்தப் படத்தை வெளியே எடுக்கவே வேண்டாம்.

கடைசியாக ஏ.ஐ. எழுதிய மனு. அந்த இரண்டு தீர்ப்புகளையும் உச்ச நீதிமன்றத்தின் இணையதளத்திலோ உயர் நீதிமன்றத்தின் இணையதளத்திலோ நீங்களே தேடிக் கண்ணால் பார்த்தால் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் 2023-ல் சாட்ஜிபிடி கற்பனையாகச் சொன்ன தீர்ப்புகளைத் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. அப்புறம், அம்மாவின் ஆதார், பாஸ்புக் படங்களை அந்தச் செயலியில் ஏற்றியிருந்தால் அந்த உரையாடலை இன்றே அழித்துவிடுங்கள். மனுவுக்கு அந்த எண்கள் தேவையே இல்லை.

வழக்குச் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 1987-ன் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் பிரிவு 12-ன்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். ஆட்சியரிடம் மனு எழுதும்போது, இனி வரவேண்டியதோடு நின்ற ஏழு மாதத்துக்கான 8,400 ரூபாயையும் சேர்த்துக் கேளுங்கள். கேட்காத நிலுவையை யாரும் தாமாக எடுத்துத் தர மாட்டார்கள்.