கறுப்புக் கட்டங்களுக்கு முன்னால் ஒரு வகுப்பு

அன்புள்ள ஐயா,

17 ஆண்டுகள் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்துவிட்டு இந்த ஆண்டு விருப்ப ஓய்வு பெற்றேன். தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டதால், சந்திப்பிழை இல்லாமல் எழுத விரும்பும் பெரியவர்களுக்காக ஜூமில் எட்டு வார வகுப்பு நடத்துகிறேன். முதல் வாரம் 24 பேர் வந்தார்கள். மூன்றாம் வாரம் 13 பேர். யாரும் கேமராவைப் போடுவதில்லை. ஒன்றரை மணி நேரம் நான் மட்டுமே பேசுகிறேன். "புரிகிறதா?" என்று கேட்டால் இரண்டு பேர் கட்டைவிரல் படம் போடுகிறார்கள். பள்ளியில் பின்வரிசைப் பையனின் முகத்தைப் பார்த்தே அவன் எந்த இடத்தில் நின்றுவிட்டான் என்று சொல்லிவிடுவேன். இங்கே சுவரோடு பேசுகிறேன். நல்ல கேமரா வாங்கி, ஸ்லைடுகளை அழகாகச் செய்தால் சரியாகுமா? இல்லை, எனக்கு இது வராதா? நீங்கள் இணையத்தில் யாப்பு (செய்யுள் இலக்கண) வகுப்பு நடத்துவதால் கேட்கிறேன்.

வ.,
பாளையங்கோட்டை

அன்புள்ள வ.,

உங்களுக்கு வரும். பின்வரிசைப் பையனின் முகத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு இது வராமல் போகாது. முகம் தெரியாத இடத்தில் எதைப் படிப்பது என்பதுதான் கேள்வி. அவர்கள் எழுதியதைப் படியுங்கள். அதிலும் அவர்கள் விட்ட பிழையைப் படியுங்கள்.

2020 ஊரடங்கில் 14 பேரோடு என் வகுப்பைத் தொடங்கினேன். இரண்டாம் வகுப்பில் அசை பிரிப்பதை, அதாவது சொல்லை ஓசைத் துண்டுகளாக வெட்டுவதை, விரிவாகவே சொன்னேன். "புரிகிறதா?" என்றேன். "புரிகிறது ஐயா" என்று வரிசையாகப் பதில் வந்தது. மனநிறைவோடு முடித்தேன். அன்றிரவு என்ன தோன்றியதோ, 'நிலாவே' என்ற ஒரே சொல்லை வாட்ஸாப் குழுவில் போட்டு, "தாளில் அசை பிரித்துப் படமெடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள்" என்றேன். ஒன்பது பேர் நி/லா/வே என்று மூன்றாக வெட்டி, அதற்குரிய வாய்பாடு தேமாங்காய் என்று எழுதியிருந்தார்கள். குறிலும் நெடிலும் இணைந்து நிரை என்ற ஒரே அசையாகும்; ஆகவே நிலா/வே என்று இரண்டு அசை, வாய்பாடு புளிமா. ஒருவர் முதலில் சரியாகப் பிரித்து, பிறகு அதை அடித்துவிட்டுத் தவறாக மாற்றியிருந்தார். அந்த அடித்தலை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நெடில் வந்தாலே அது தனி அசை என்று நினைத்திருக்கிறார். அப்படி நினைக்க வைத்தவன் நான்தான். அன்று நான் காட்டியவை எல்லாம் 'பாடல்', 'வானம்' என்று நெடிலில் தொடங்கும் சொற்கள்.

புரிகிறது என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. கேட்கும்போது புரியத்தான் செய்தது. அன்றோடு "புரிகிறதா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன்.

உங்கள் பாடத்துக்கே வருகிறேன். 'ஐ' உருபுக்குப் பின் வல்லினம் மிகும் என்று சொன்னதும் அடுத்த விதிக்குப் போகாதீர்கள். 'கதை படித்தான்', 'கதையை படித்தான்' என்று இரண்டையும் கொடுத்து, ஒற்று தேவையானால் போடச் சொல்லுங்கள். யாராவது ஒருவர் கட்டாயம் 'கதைப் படித்தான்' என்று எழுதுவார். கதை என்ற சொல்லின் இறுதியில் இருக்கும் ஐகாரத்தை உருபு என்று எடுத்துக்கொண்டிருப்பார். பாடத்தைக் கவனமாகக் கேட்டதால் வந்த பிழை அது. பெயரைச் சொல்லாமல் அதைத் திரையில் போட்டு, அங்கிருந்து, உருபு மறைந்து வரும் வேற்றுமைத் தொகைக்குப் போங்கள். நீங்கள் 40 நிமிடம் பேசியும் நிற்காத விதி இந்த ஒரு பிழையில் நின்றுவிடும்.

கேள்வி கேட்டபின் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் பள்ளி அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு வினாடிதான். மூன்று வினாடி காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். நேரில் இருப்பவர்களுக்கே மூன்று வினாடி வேண்டுமென்றால், மியூட்டை எடுத்துத் தொண்டையைச் சரிசெய்ய வேண்டியவருக்கு? நான் மனதுக்குள் பத்து எண்ணுவேன். தொடக்கத்தில் அந்தப் பத்து வினாடி வயிற்றைப் பிசையும், பழகிவிடும். இன்னொன்றும் செய்வேன். "எல்லோரும் சாட்டில் பதிலைத் தட்டச்சு செய்யுங்கள், நான் சொல்லும்வரை அனுப்பாதீர்கள்" என்பேன். பிறகு "அனுப்புங்கள்" என்றதும் 14 பதில்களும் ஒன்றாக வந்து விழும். முந்திக்கொள்ளும் ஒருவரைப் பார்த்து மற்றவர்கள் எழுத முடியாது.

கேமராவுக்குப் பணம் செலவிடாதீர்கள். குரல் தெளிவாகக் கேட்க ஒயர் உள்ள ஒரு ஹெட்செட் போதும். ஃபிலிப் குவோவும் உடன் ஆய்வாளர்களும் எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் வீடியோ பார்க்கப்பட்ட 69 லட்சம் அமர்வுகளை ஆராய்ந்து 2014-இல் எழுதினார்கள். ஸ்டுடியோவில் பெரும் செலவில் எடுத்தவற்றைவிட, ஆசிரியர் தன் மேசையில் இருந்து இயல்பாகப் பேசியவை மாணவர்களைப் பிடித்துவைத்தன. வெறும் ஸ்லைடுகளைவிட, கையால் எழுதிக்காட்டியவை பிடித்துவைத்தன. வீடியோ எவ்வளவு நீண்டாலும் பார்த்தது சுமார் ஆறு நிமிடம்தான். ஆகவே விதி விளக்கத்தைச் சிறு துண்டுகளாகப் பதிந்து முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். வகுப்பு நேரம் எழுதிப் பார்ப்பதற்கு மட்டும். ஸ்லைடு போட்டே ஆகவேண்டுமென்றால் ஒரு பக்கத்துக்கு இரண்டு வாக்கியம் போதும். என் வகுப்பில் பாதிப் பேர் கைப்பேசியில்தான் பார்க்கிறார்கள், உங்கள் வகுப்பிலும் அப்படித்தான் இருக்கும்.

கேமராவைப் போடச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். என் மாணவி ஒருவர் இரவுச் சமையல் செய்துகொண்டே வகுப்பில் இருப்பார். மாவு ஒட்டிய விரலால் அவர் அனுப்பும் பதில்தான் பெரும்பாலும் முதலில் வரும். எனக்கு மாலை ஏழரை என்றால் சிங்கப்பூரில் இருப்பவருக்கு இரவு பத்து. அவர் எந்தக் கோலத்தில் உட்கார்ந்திருந்தால் நமக்கென்ன?

ஒவ்வொரு வகுப்பையும் சென்ற வாரப் பாடத்தை நீங்கள் சுருக்கிச் சொல்லித் தொடங்காதீர்கள். குறிப்பைப் பார்க்காமல் அவர்களை எழுதச் சொல்லுங்கள். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். உங்கள் வகுப்பும் வாரத்துக்கு ஒருமுறைதான்.

வராமல் போன 11 பேரைப் பற்றி. 2012-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் மின்சுற்றுப் பாடத்தை இணையத்தில் இலவசமாக நடத்தியபோது ஒன்றரை லட்சத்துக்கு மேல் பதிவு செய்தார்கள், தேறியவர்கள் ஏழாயிரம் பேர் அளவில்தான். அதனால் நின்றவர்களை உங்கள் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்த ஒன்றரை லட்சம் பேரையும் தனித்தனியாக யாராலும் கூப்பிட முடியாது. 11 பேரைக் கூப்பிட உங்களால் முடியும். "ஏன் வரவில்லை?" என்று கேட்காமல், "இந்த வாரம் இதைச் செய்தோம், நீங்களும் முயன்று பாருங்கள்" என்று சொல்லி, 'கதை படித்தான்', 'கதையை படித்தான்' என்ற அந்த இரண்டு வாக்கியங்களை அனுப்புங்கள்.

இதில் உழைப்பு அதிகம், அதை மறைக்க மாட்டேன். ஒவ்வொருவருக்கும் அவர் எழுதியதைப் பார்த்து இரண்டு நிமிடக் குரல்பதிவு அனுப்புகிறேன். பார்ப்பது, பேசுவது எல்லாம் சேர்த்து 14 பேருக்கு ஒரு மாலை முழுதும் போய்விடும். அதனால்தான் 15 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. உங்களிடம் இப்போது இருப்பவர்கள் 13 பேர். அடுத்த வகுப்பில் அரை மணி நேரம் மட்டும் பேசிப் பாருங்கள், மீதி ஒரு மணி நேரம் அவர்கள் எழுதட்டும். யாராவது 'கதைப் படித்தான்' என்று எழுதினால் எனக்கும் சொல்லுங்கள்.