262 எடுத்தும் அழைப்பு அதிகம் வராதது ஏன்?

மதிப்பெண் காரணமாக இருக்க வாய்ப்பில்லை. அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான ஸ்டெப் 2-இல் 262 எடுத்து, அமெரிக்காவில் 80 ஆர்த்தோ (எலும்பு அறுவைச் சிகிச்சை) மேற்பயிற்சி இடங்களுக்கு விண்ணப்பித்து, இரண்டே நேர்முக அழைப்புகள் என்கிறீர்கள். சிக்னல்களை, அதாவது "உங்களிடம் எனக்குத் தனி ஆர்வம் உண்டு" என்று விண்ணப்பத்தோடு சில இடங்களுக்கு மட்டும் அனுப்பும் குறிகளை, எங்கே செலவிட்டீர்கள் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஆர்த்தோவுக்கு ஒருவருக்கு 30 சிக்னல்கள். அத்தனை இருந்தும் ஒரு துறைக்கு நீங்கள் ஒன்று அனுப்பவில்லை என்றால், "இவருக்கு நம்மிடம் ஆர்வமில்லை" என்றே பல துறைகள் முடிவு கட்டிவிடுகின்றன. மீதி 50 விண்ணப்பங்களுக்குக் கட்டிய பணம் பெரும்பாலும் வீண். இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் நடைமுறை இதுதான்.

அந்த 30 பெயர்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கேள்விகள்:

1. அங்கே சுழற்சிப் பயிற்சி செய்தேனா?
2. எனக்குப் பரிந்துரைக் கடிதம் தந்தவரை அங்கே யாருக்காவது தெரியுமா?
3. அந்த ஊரோடு எனக்குத் தொடர்பு உண்டா?

பாதிக்கு மேல் மூன்றுக்கும் "இல்லை" என்றால், பெயர்பெற்ற இடங்களாகப் பார்த்துக் குறிவைத்திருக்கிறீர்கள். சொந்தக் கல்லூரித் துறைக்கும், நீங்கள் பயிற்சி செய்த இடங்களுக்கும் சிக்னல் அனுப்பினீர்களா? "அவர்களுக்குத்தான் என்னைத் தெரியுமே" என்று விடுகிறவர்கள் உண்டு. ஆர்த்தோவில் அங்கும் அனுப்பத்தான் வேண்டும்.

தொடர்புள்ள நான்கைந்து இடங்களுக்கு மட்டும், உங்கள் வழிகாட்டிப் பேராசிரியரை இந்த வாரமே பேசச் சொல்லுங்கள். எண்பதுக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்பாதீர்கள்.

நீங்கள் அமெரிக்காவுக்கு வெளியே படித்தவர் என்றால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. விசாவுக்கு ஆதரவளிக்கும் இடங்களா என்பதையே முதலில் பாருங்கள்.