பிரித்தானிய பிஷ் அன்ட் சிப்ஸ் கடையை ஸ்பெயினில் திறக்கலாமா?

இங்கிலாந்தில் பல ஆண்டுகள் பிஷ் அன்ட் சிப்ஸ் (மாவில் தோய்த்துப் பொரித்த மீனும், தடிப்பாக வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கும்) கடையில் வேலை செய்துவிட்டு, சேமித்த பணத்தோடு ஸ்பெயினின் கடற்கரையோரம் அதே கடையைத் திறக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தொழில் கைவந்தது, அங்கே ஆங்கிலேயர் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள், வாடகையும் குறைவு என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். 2018 இல் நானும் அதே கணக்கைத்தான் போட்டேன். கணக்கு பிழையானதன்று, ஆனால் அதில் புகைபோக்கியும் உருளைக்கிழங்கும் இருக்கவில்லை. அவை இரண்டும்தான் என்னைக் கடனில் தள்ளின. ஆகவே இந்தக் கேள்வியைக் கண்டதும் பேசாமல் கடந்து போக முடியவில்லை.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து லீட்ஸ் போய், நம்மவர் ஒருவரின் கடையில் பதின்மூன்று ஆண்டுகள் நின்றவன். முதல் இரண்டு ஆண்டுகள் எனக்குத் தாச்சியின் பக்கம் போக அனுமதி இல்லை; உரித்த கிழங்கில் எஞ்சியிருக்கும் கண்களைச் சிறுகத்தியால் தோண்டுவது மட்டுமே வேலை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பொரிக்கத் தெரிந்தவன் என்ற நம்பிக்கை எவ்வளவு உறுதியாக இருந்தது என்பதையும், வேறொரு நாட்டில் அது எவ்வளவு விரைவாக ஆட்டம் கண்டது என்பதையும் நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

முதலில் ஆவணம். நான் பிரித்தானியக் கடவுச்சீட்டோடு 2018 இல் வந்தபோது ஐரோப்பிய ஒன்றியக் குடிமகனாக வந்தேன். பதிவு செய்துவிட்டுத் தொழில் தொடங்க முடிந்தது. பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகியதால் 2020 டிசம்பர் 31 உடன் அந்தக் கதவு மூடிவிட்டது. இன்று அதே கடவுச்சீட்டில் வருபவர் 180 நாட்களில் 90 நாட்கள் மட்டுமே தங்கலாம். கடை நடத்துவதற்குச் சுயதொழிலுக்கான வேலை அனுமதியும் விசாவும் முன்கூட்டியே பெறவேண்டும், அதற்குத் தொழில் திட்டமும் முதலீட்டுப் பணத்துக்கான சான்றும் காட்டவேண்டும். ஓய்வூதியர்கள் எடுக்கும் விசாவில் வந்து உடனே கடை திறக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த விசாவில் வேலை செய்ய இடமில்லை. உங்களுக்கோ உங்கள் துணைவருக்கோ அயர்லாந்து அல்லது வேறு ஒன்றிய நாட்டுக் கடவுச்சீட்டு இருந்தால் நிலைமை முற்றிலும் வேறு.

இனிப் புகைபோக்கி. அலிகாந்தே மாகாணத்தில், தொறெவியெகாவுக்குத் தெற்கே, நான்கு மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு கோப்பிக் கடை கைமாறுகிறது என்று ஒரு தரகர் காட்டினார். ஸ்பெயினில் ஓடுகிற கடையின் குத்தகையை முன்பணம் கொடுத்து மாற்றி எடுப்பதை 'திரஸ்பாசோ' என்பார்கள். உரிமம் ஏற்கெனவே இருக்கிறது, பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்றார் அவர். நானும் முன்பணத்தைக் கொடுத்தேன். ஆனால் கோப்பியும் பாணும் விற்கும் கடையின் உரிமம் வேறு, நாள் முழுவதும் எண்ணெய் கொதிக்கும் கடையின் உரிமம் வேறு. பொரிக்கும் கடைக்குப் புகையும் ஆவியும் கூரைக்கு மேலே போய் வெளியேற வேண்டும். நகரசபையில் பொறியியலாளர் வரைந்த திட்டம் கொடுக்கவேண்டும். அந்தக் குழாய் மேல்வீட்டுக்காரர்களுக்கும் சொந்தமான பொதுச் சுவரில் ஏறவேண்டியிருந்ததால் அவர்களது சங்கத்தின் சம்மதமும் தேவைப்பட்டது. கூட்டம் கூட்டினார்கள், என் மொழிபெயர்ப்பாளரோடு போய் நின்றேன். இரண்டாம் மாடியில் இருந்த ஓர் அம்மா எழுந்து, தான் துணி காயப்போடும் யன்னலைத் தாண்டி எண்ணெய்ப் புகை போகக்கூடாது என்றார். எனக்குக் கோபம் வரவில்லை, அவர் சொன்னது நியாயம். வாக்கெடுப்பில் தோற்றேன். ஏழு மாத வாடகையும் முன்பணத்தின் பெரும்பகுதியும் போயின. எல்லாத் தரகர்களும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை; பின்னர் எனக்கு நல்ல தரகர்களும் வாய்த்தார்கள். ஆனால் 'பிரச்சினை இல்லை' என்ற அந்த ஒரு சொல்லை நம்பி, நகரசபையில் நேரில் விசாரிக்காமல் கையெழுத்திட்டது என் வாழ்வின் விலைகூடிய கையெழுத்து.

இரண்டாவதாக ஒரிகுவெலா கோஸ்தாவில் மேலே வீடுகளே இல்லாத ஒரு மாடிக் கடைத்தொகுதியில் இடம் எடுத்தேன். அங்கே குழாய் எரிவாயு இல்லை. இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பொரிக்கும் அடுப்பின் எரிவாய்களைப் புரோப்பேனுக்கு மாற்றி, அனுமதி பெற்ற பொருத்துநர் ஒருவரிடம் சான்றும் வாங்கவேண்டியிருந்தது. அது பணத்தோடு முடிந்த காரியம். 2019 மே மாதம் கடை திறந்தேன்.

திறந்த முதல் வாரமே சிப்ஸ் காலை வாரியது. இங்கிலாந்தில் நாங்கள் பெரும்பாலும் பயன்படுத்தியது மாரிஸ் பைப்பர் என்ற கிழங்கு. 1966 முதல் சந்தையில் இருக்கும் அந்த இனத்துக்குச் சிப்ஸ் கடைக்காரர்கள் கோயில் கட்டினாலும் தகும். ஸ்பெயினில் பொரிப்பதற்கு ஆக்ரியா என்ற மஞ்சள் சதைக் கிழங்கை விற்கிறார்கள். அதுவும் நல்ல இனமே. ஆனால் எண்ணெயில் இறங்கிய துண்டுகள் மூன்றாவது நிமிடத்திலேயே கடும் பழுப்பாகிவிட்டன. நகத்தால் கிள்ளினால் உள்ளே வேகவில்லை. சூட்டைக் குறைத்தேன், எண்ணெயை மாற்றினேன், ஒன்றும் உதவவில்லை. யோர்க்ஷயர் பேச்சுள்ள ஒரு முதியவர் பொதியைப் பிரித்து ஒரு சிப்ஸைக் கடித்தார். மீனை மட்டும் சாப்பிட்டுவிட்டு, சிப்ஸைத் தாளோடு அழகாக மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவர் போனபின் நான் ஒன்றை எடுத்துக் கடித்தேன். அது இனித்தது.

அன்றிரவு லீட்ஸ் முதலாளி அண்ணாவுக்கு அழைத்தேன். அவர் எண்ணெயைப் பற்றியோ சூட்டைப் பற்றியோ கேட்கவில்லை. "கிழங்கு எங்க படுத்திருந்தது எண்டு கேட்டனீரோ தம்பி?" என்றார். மறுநாள் மொத்த விற்பனையாளரின் களஞ்சியத்துக்குப் போனேன். வெளியே வெயில் கொளுத்தியதால் கீரை, கரட்டோடு சேர்த்துக் கிழங்கையும் 4 பாகை செல்சியஸில் வைத்திருந்தார். குளிரில் கிடக்கும் கிழங்கு தன் மாச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். அந்தச் சர்க்கரைதான் எண்ணெயில் கருகுகிறது. நீரிழிவுக்காரர்கள் சிறுநீரில் சர்க்கரை பார்க்கும் பட்டியை மருந்தகத்தில் வாங்கி, வெட்டிய கிழங்கின் நடுவில் வைத்தேன், நிறம் மாறியது. அந்த மூட்டைகளைக் கடையின் பின்னறையில் 15 முதல் 18 பாகையில் இரண்டரை வாரம் வைத்தபின் அதே கிழங்கு பொன்னிறமாகப் பொரிந்தது. குளிரூட்டாத கிழங்குக்குத் தனியாக ஒழுங்கு செய்தேன்; மூட்டைக்குச் சற்றுக் கூடக் கொடுக்கிறேன். 2018 ஏப்ரல் முதல் ஐரோப்பிய ஒன்றியமும் அக்ரிலமைட் என்ற நச்சுப்பொருளைக் குறைக்க இதையே சொல்கிறது: கிழங்கை 6 பாகைக்கு மேல் வை, 175 பாகைக்குள் பொரி. நான் அந்தச் சட்டத்தை வாசித்தது சிப்ஸ் கருகிய பிறகுதான். புதுக்கிழங்கு வரும் மாதங்களில் இன்றும் ஒவ்வொரு மூட்டைக்கும் பட்டி வைத்துத்தான் வெட்டுகிறேன்.

இதைப் படிக்கும் சிலர், உறைந்த சிப்ஸ் வாங்கிப் போட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்பார்கள். அப்படிச் செய்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு ஆங்கிலேயர் உங்கள் வாசலில் வரிசையில் நிற்கமாட்டார்கள்.

ஆகஸ்டில் மாக்கரைசல் சூடாகிவிட்டால் மீனின் மேல் தோல் மொறுமொறுக்காது, எண்ணெயைக் குடிக்கும். நான் கரைசல் பாத்திரத்தைப் பனிக்கட்டியில் இருத்தி, அரை மணிக்கொரு தடவை புதிதாகக் கலக்கிறேன். மஷி பீஸ் என்ற மசித்த பட்டாணிக்குரிய பெரிய பட்டாணியை அப்பச்சோடா போட்ட நீரில் இரவு முழுவதும் ஊறவைப்பதில் மட்டும் லீட்ஸுக்கும் இங்கும் வேறுபாடு இல்லை.

கேள்விக்கு நேரடித் தொடர்பில்லாத ஒன்றையும் சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் உங்களுக்கும் இது நடக்கும். 'உங்கள் சாப்பாட்டை விற்காமல் வெள்ளைக்காரன் சாப்பாட்டை ஏன் விற்கிறாய்' என்று நம்மவர்களும் கேட்டார்கள், 'கறி இல்லையா' என்று வாடிக்கையாளர்களும் கேட்டார்கள். பதின்மூன்று ஆண்டுகள் கையில் எண்ணெய்த் தழும்போடு கற்ற தொழில் என்னுடையது இல்லையென்றால் வேறு யாருடையது? மாவில் தோய்த்து மீன் பொரிக்கும் பழக்கமே ஸ்பெயினையும் போர்த்துக்கலையும் விட்டுத் துரத்தப்பட்ட யூதர்களோடு இலண்டனுக்குப் போனது. அவர்கள் வெள்ளிக்கிழமை பொரித்து, ஓய்வுநாளில் ஆறவைத்து உண்டார்கள். 1860களில்தான் கிழக்கு இலண்டனிலும் லங்காஷயரிலும் அதோடு சிப்ஸ் சேர்ந்து கடையானது. துரத்தப்பட்ட ஒருவன் அதே பண்டத்தை ஸ்பெயினுக்குத் திரும்பக் கொண்டுவந்தால் அதில் எவருக்கும் குறை இருக்கக்கூடாது என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். ஸ்பானியர்கள் அந்த மீனை உடனே அடையாளம் கண்டார்கள். அவர்கள் வினாகிரியைத் தொடுவதில்லை, எலுமிச்சை கேட்பார்கள். அவர்களுக்காக மெர்லூசா மீனும் வைத்தேன். ஆங்கிலேயர் மாலை ஐந்தரைக்கு வருகிறார்கள், ஸ்பானியர் ஒன்பதரைக்கு. இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் அடுப்பை அணைப்பதா வேண்டாமா என்பது எங்கள் வீட்டில் தினமும் நடக்கும் வாக்குவாதம்.

பணத்தில் ஒரு பாதுகாப்பு இருப்பு அவசியம். 2020 மார்ச் 14 அன்று கொரோனாவால் நாடு முழுவதும் அவசரநிலை வந்தது, சுற்றுலாப் பயணிகள் ஒரே வாரத்தில் மறைந்தார்கள். 2022 இல் உக்ரைன் போரினால் சூரியகாந்தி எண்ணெயின் கொள்முதல் விலை எனக்குச் சில வாரங்களிலேயே ஏறக்குறைய இரு மடங்கானது; பல்பொருள் அங்காடிகள் ஆளுக்கு இத்தனை போத்தல் என்று அளந்து விற்றன. இங்கிலாந்திலிருந்து சொசேஜும், இறைச்சி அடைத்துச் சுடும் 'பை' என்ற பண்டமும் தருவிக்கலாம் என்றும் எண்ணவேண்டாம். 2021 முதல் எல்லையில் சுகாதாரச் சான்று கேட்கிறார்கள், குளிரூட்டிய பச்சைச் சொசேஜுக்கு அனுமதியே இல்லை. என் சொசேஜை இப்போது இங்குள்ள இறைச்சிக்கடைக்காரர் ஒருவர் என் செய்முறைப்படி செய்து தருகிறார்.

உங்களிடம் அனுமதியும் ஓராண்டுச் செலவுக்குத் தனிப்பணமும் இருந்தால், வாருங்கள். கடைக்கு முன்பணம் கொடுக்கும் முன் மே மாதத்தில் ஒரு தடவை, நவம்பரில் ஒரு தடவை வந்து, சமையலறை உள்ள ஒரு வீட்டை இரண்டு வாரத்துக்கு எடுத்து, நீங்கள் வாங்கப்போகும் அதே விற்பனையாளரிடம் ஒரு மூட்டை ஆக்ரியா வாங்கிப் பொரித்துப் பாருங்கள். கடையைக் காட்ட யாராவது கூட்டிப்போனால், உள்ளே நுழையாமல் முதலில் தெருவுக்கு எதிர்ப்புறம் போய் நின்று கூரையைப் பாருங்கள். குழாய் எங்கே ஏறும், யாருடைய யன்னலைத் தாண்டும் என்று எண்ணுங்கள்.