சலம் டெஸ்ட் பொசிட்டிவ் எண்டா பெடியன் திரும்பத் தூள் அடிச்சிட்டான் எண்டு அர்த்தமோ?

கோண்டாவிலில இருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறா. மகன் ஹெரோயினை விட்டிட்டு ஒழுங்கா கிளினிக்குக்குப் போய்வாறான், போன முறை சலம் டெஸ்டில ஓப்பியேட் (ஹெரோயின், மோர்பின் மாதிரி அபின் வகைச் சாமான்) பொசிட்டிவ், தொடவே இல்லை எண்டு சத்தியம் பண்ணுறான், தகப்பன் வீட்டை விட்டுக் கலைக்கப்போறன் எண்டு நிக்கிறாராம்.

அம்மா, முதல்ல அவரை மறியுங்கோ. கொஞ்சக்காலம் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது, கோவத்தில வெளிக்கிட்டுப் போய் முந்தி எடுத்த அளவை எடுத்தானெண்டா மூச்சே நிண்டுபோகும்.

சலத்தில நனைச்சுப் பாக்கிற அந்த ஸ்ட்ரிப் ஒரு முதல் சல்லடைதான். ஹெரோயின் உடம்புக்குள்ள மோர்பினா மாறுது, அதைத்தான் அது பிடிக்குது, எடுத்து ரெண்டு மூண்டு நாளைக்குப் பிடிக்கும். கொடேயின் கலந்த இருமல் பாணியோ நோக்குளுசையோ குடிச்சாலும் அதே பொசிட்டிவ்தான், கொடேயினும் மோர்பினா மாறுறதால. இன்னொண்டு, இதை ஒருத்தரும் கேக்கிறேல்லை: காசநோய்க்குக் குடுக்கிற ரிஃபாம்பிசின், லெவோஃப்ளொக்சசின் மாதிரி அன்டிபயோட்டிக், இதுகளும் சில ஸ்ட்ரிப்பில பொய்யா பொசிட்டிவ் காட்டும். காய்ச்சல், சலக்கடுப்பு எண்டு வேற டொக்டரிட்ட போனவனோ எண்டு கேளுங்கோ, டெஸ்டுக்கு முந்தின கிழமை குடிச்ச எல்லாக் குளுசையின்ர மட்டையையும் எறியாம எடுத்து வையுங்கோ, பேர் மறந்துபோம் மட்டை மறக்காது.

பாமசியில ஸ்ட்ரிப் வாங்கி வீட்டில செய்யிற ஆக்களுக்கும் ஒரு சொல்லு. டி எண்ட இடத்தில கோடு வந்தா நெகட்டிவ், மங்கலா வந்தாலும் நெகட்டிவ்தான். சி எண்ட இடத்தில கோடு வந்து டியில வராட்டித்தான் பொசிட்டிவ், சியிலயும் வராட்டி அந்த ஸ்ட்ரிப் செல்லாது. இதைத் தலைகீழாப் பாத்திட்டுப் பிள்ளையைப் போட்டு அடிச்ச வீடுகள் இருக்கு.

இப்பிடி நேரத்திலதான் புரோக்கர்மார் வருவாங்கள், கிளீன் ரிப்போர்ட் எடுத்துத் தாறம், சலத்தைக் கழுவிற பவுடர் இருக்கு, மூண்டு நாளில சுகமாக்கிற இடம் தெரியும் எண்டு. ஒரு சதமும் குடுக்காதேங்கோ. பொய் ரிப்போர்ட்டைப் பாத்து டொக்டர் மருந்தைக் குறைச்சா அந்த ஆபத்து உங்கட பிள்ளைக்குத்தான், காசு வாங்கினவனுக்கில்லை.

எனக்குக் கோவம் வாறது எங்கட முறையிலதான். பொசிட்டிவ் எண்டு கொப்பியில எழுதி அடுத்த மாசத்துக்குத் திகதி போட்டு அனுப்பினா அதுக்குப் பேர் வைத்தியமோ? டெஸ்ட் செய்யிறது மருந்தை மாத்திறதுக்கும் ஆளோட இருந்து கதைக்கிறதுக்கும், கள்ளன் பிடிக்க இல்லை.

திகதி வரும்வரை பாத்திருக்காமல் மட்டையளோட இந்தக் கிழமையே போங்கோ, உறுதிப்படுத்துற டெஸ்டுக்கு அனுப்பச் சொல்லி வாய்விட்டுக் கேளுங்கோ. அவன் உண்மையிலயே எடுத்திருந்தாலும் அதே டொக்டரிட்டத்தான் போகவேணும், கொஞ்சம் வெள்ளெனவா.