அந்தச் சாரை என்ன செய்தது?

கேள்வி: பாம்பு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கை கால் உதறுகிறது. டி.வி.யில் பாம்பு வந்தால்கூட காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொள்கிறேன். போன வாரம் எங்கள் தெருவில் ஆறடி நீளச் சாரைப்பாம்பு ஒன்று வந்துவிட்டது. நல்லவேளை, நாலு பேர் சேர்ந்து அடித்துக் கொன்றுவிட்டார்கள். இந்தப் பயம் பிறவியிலேயே வருவதா, சினிமாவும் டி.வி.யும் ஊட்டியதா?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: 'நல்லவேளை' என்று எழுதியிருக்கிறீர்கள், அம்மா. அந்தச் சொல் என்னை உறுத்துகிறது. சாரைக்கு விஷம் கிடையாது. வயலிலும் வீட்டோரத்திலும் எலி பிடித்துத் தின்று பிழைக்கும் பாம்பு அது. அது சாரைதான் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கிறது, அடித்தவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் கம்பு இறங்கியிருக்கிறது.

சரி, கேள்விக்கு வருகிறேன். பிறவியில் கொஞ்சம் இருக்கிறது. ஜெர்மனியில் ஆறு மாதக் குழந்தைகளுக்குப் பூ, மீன், பாம்பு, சிலந்திப் படங்களைக் காட்டிப் பார்த்தார்கள். 2017-இல் அந்த ஆய்வு வெளியானது. பாம்பையும் சிலந்தியையும் பார்த்தபோது பிள்ளைகளின் கண்மணி அதிகமாக விரிந்தது. 'இது என்னவோ, கவனி' என்று உடம்பு உஷாராகிறது, அவ்வளவுதான். அந்த உஷாரைப் பயமாக மாற்றுவது பக்கத்தில் இருப்பவர்கள்.

இதற்குச் சான்று குரங்குகளிடம் கிடைத்தது. 1980-களில் சூசன் மினேகா என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். ஆய்வுக்கூடத்திலேயே பிறந்து வளர்ந்த குரங்குகளுக்குப் பாம்பென்றால் பெரிய பயம் இல்லை. காட்டில் பிறந்த குரங்கு பாம்பைக் கண்டு நடுங்குவதை அவற்றைப் பார்க்க வைத்தார்கள். உடனே பயம் தொற்றிக்கொண்டது. நேரில் பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை, வீடியோவில் காட்டியதே போதுமாக இருந்தது. அப்புறம் அதே வீடியோவை வெட்டி ஒட்டி, குரங்கு பூவைப் பார்த்து நடுங்குவது போலக் காட்டினார்கள். பூவைக் கண்டு எந்தக் குரங்கும் பயப்படவில்லை. பாம்புப் பயம் நமக்குள் விதைக்கத் தயாராக உழுது வைத்த நிலம் மாதிரி. விதைக்கு ஒரு வீடியோ போதும்.

இப்போது அந்த வீடியோ ஒவ்வொருவர் கைப்பேசியிலும் இருக்கிறது. 'வீட்டுக்குள் புகுந்த பாம்பு, பொதுமக்கள் அலறியடித்து ஓட்டம்' என்று செய்தி வருகிறதே, அடுத்த முறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அந்தச் சீறல் பெரும்பாலும் பிறகு சேர்த்ததாக இருக்கும். சிவப்பு வட்டத்துக்குள் இருக்கும் பாம்பு சுவரை ஒட்டியே நகர்கிறது. ஓட்டை எங்கே, சாக்கடை எங்கே என்று தலையை இப்படியும் அப்படியும் நீட்டுகிறது. யாரையும் துரத்தவில்லை. துரத்துகிறவர்கள் துடைப்பமும் கையுமாக எதிரே நிற்கிறார்கள். என்ன பாம்பு, விஷம் உண்டா இல்லையா என்று அந்தச் செய்தியில் ஒரு வரி வராது. 'கொடிய' என்ற சொல் மட்டும் தவறாமல் வரும். பத்திரிகைக்காரர்களான எங்களுக்கும் இந்தப் பாவத்தில் பங்கு உண்டு.

சினிமா இன்னொரு வேலையைச் செய்தது. 1976-இல் இந்தியில் 'நாகின்', 1979-இல் அதைத் தழுவித் தமிழில் 'நீயா?'. இணையைக் கொன்றவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பழிதீர்க்கும் பாம்பு. அடித்த பாம்பு பழிவாங்கும் என்ற நம்பிக்கை அதற்கு முன்பே நம்மிடம் இருந்ததுதான். சினிமா அதற்கு ஒரு முகமும் இசையும் கொடுத்து, தொலைக்காட்சித் தொடர் வழியாகத் தினமும் வீட்டுக்குள் வர வைத்தது. பாம்புக்கு ஆளை நினைவில் வைத்துக்கொண்டு பழிவாங்கும் மூளை கிடையாது. ஆனால் இன்றும் சாரையை அடித்த பிறகு 'தலையை நசுக்கிடு' என்று ஒரு குரல் வரும். உங்கள் தெருவிலும் வந்திருக்கும்.

பாம்பே ஆபத்தில்லை என்று நான் சொல்லவில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பதாக 2020-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. வருடத்துக்குச் சராசரியாக 58,000 உயிர். பெரும்பாலும் கிராமத்து ஏழைகள், வயலில் இறங்குகிறவர்கள். இதில் பெரும்பங்கு நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கினுடையது. கட்டுவிரியன் படமெடுப்பதில்லை. ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைக் கடித்துவிட்டுப் போய்விடும். வலிகூட அதிகம் தெரியாது. விடிகாலையில் வயிற்றுவலி, இமை தூக்க முடியவில்லை என்பார்கள். வீட்டில் அஜீரணம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். கேமராவுக்கு அதில் வேடிக்கை எதுவும் இல்லை, அதனால் இதை யாரும் காட்டுவதில்லை. கொசுவலையை மெத்தைக்கடியில் செருகிக்கொண்டு படுத்தால் இதில் எத்தனையோ உயிர் தப்பும்.

காட்டுவதெல்லாம் கதாநாயகன் கடிவாயில் வாய் வைத்து உறிஞ்சுவதும், துணியைக் கிழித்து இறுகக் கட்டுவதும்தான். இரண்டும் தவறு. கீறவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாம்பை அடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை. இங்கே கொடுக்கும் மருந்து அந்த நான்கின் விஷத்துக்கும் சேர்த்துத் தயாரித்தது.

அந்த மருந்துக்கு விஷம் பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது? மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து. அவர்கள் பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அவர்களில் மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அப்பா பதறாமல் பாம்பைக் கையாள்வதைப் பார்த்தே வளர்ந்த கூட்டம் அது. மினேகாவின் குரங்குகளிலும் இதைக் கண்டார்கள்: பாம்பைப் பார்த்துப் பதறாத குரங்கை முதலில் பார்த்துவிட்டவற்றுக்கு, பிறகு பயம் எளிதில் ஒட்டவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் போன வாரம் தெருவில் எதைப் பார்த்தார்கள்?

அடுத்த முறை வந்தால் எட்டி நின்று தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள், வந்து பிடித்துப் போவார்கள். அதற்கு முன்னால், அந்தச் சாரை எதைத் தேடி வந்தது என்று பாருங்கள். எலி இருக்கிற இடத்துக்குத்தான் அது வரும். நல்லபாம்பும் அதே எலிக்குத்தான் வரும். தெருமுனையில் குப்பை குவிந்திருக்கிறதா, எலி வளை இருக்கிறதா? எலி தின்ன வந்த சாரையைக் கொன்றாயிற்று, எலிகள் அங்கேயேதான் இருக்கின்றன. நகராட்சிக்கு இன்றே ஒரு மனு எழுதிப் போடுங்கள்.