முதல் காரும் இருபது வளைவுகளும்

கேள்வி: நீங்கள் முதன்முதலில் வாங்கிய புதுக் கார் நினைவிருக்கிறதா?
- வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்.

பதில்: மறக்க முடியுமா? 1996இல் வாங்கிய வெள்ளை மாருதி 800. கோட்டை மாரியம்மன் கோயில் வாசலில் பூசை போட்டு, நான்கு சக்கரங்களிலும் எலுமிச்சம்பழம் நசுக்கிய கையோடு ஏற்காட்டுக்குக் கிளம்பினோம். கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் அம்மா விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். இருக்கையின் பாலித்தீன் உறையைக் கிழிக்க அப்பா விடவில்லை. முதுகு வியர்வையில் ஒட்டிக்கொண்டது. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்கு முப்பது வருடம் சைக்கிளில் போய் வந்தவர் அவர். ஏரிக்கரையில் இறங்கியதும், வேட்டி நுனியால் முன்கண்ணாடித் தூசியைத் துடைத்தார், கைக்குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல.

பின்னாளில் காரை விற்றுவிட்டேன். கொலுசு மணிகள் கோத்து அவர் செய்து தந்த சாவி வளையம் மட்டும் என்னிடம் இருக்கிறது.