'இன்மைக் கருதுகோளை ஏற்கிறோம்' என்று எழுதினால் ஏன் மதிப்பெண் குறைக்கிறார்கள்?

ஒரே ஒரு முழுமைத் தொகுதியின், அதாவது நாம் தீர்ப்புச் சொல்ல நினைக்கும் மொத்தக் கூட்டத்தின், சராசரி பற்றிய கணக்கு. டி மதிப்பு சரியாக வந்தது, அட்டவணையையும் சரியாகப் பார்த்தீர்கள், ஆனால் கடைசி வரியில் 'இன்மைக் கருதுகோளை ஏற்கிறோம்' என்று எழுதியதற்கு மதிப்பெண் போய்விட்டது. (வித்தியாசம் எதுவும் இல்லை என்று முதலில் வைத்துக்கொள்ளும் அனுமானம்தான் இன்மைக் கருதுகோள்.) 'நிராகரிக்கப் போதிய சான்று இல்லை' என்று எழுதினால் மட்டும் என்ன மாறிவிடும், இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒன்று இல்லை. ராயபுரத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் புள்ளியியல் டியூஷன் எடுக்கிறேன். இந்தக் கேள்வி வருஷா வருஷம் வரும். பாடப்புத்தகத்தில் இருக்கும் பல்பு கம்பெனிக் கணக்கை விட்டுவிட்டு, என் அத்தை வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அத்தையும் இன்னும் மூன்று பேரும் காசிமேட்டில் நெத்திலிக் கருவாடு காயவைத்து, 200 கிராம் பொட்டலமாகக் கட்டிக் கடைகளுக்குப் போடுகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் அவர்கள் வீட்டுக்கு இந்தப் பொட்டலங்கள்தான் வருமானம். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கடைக்காரர் "எடை குறையுதும்மா, இனிமே வேணாம்" என்று சொல்லிவிட்டார். அத்தை கலங்கிப்போய் என்னிடம் வந்தார்.

அன்று மாலை கையில் இருந்த நான்கு பொட்டலத்தைப் பிரித்து, கருவாட்டை மட்டும் தட்டில் கொட்டி நிறுத்தேன். 196, 201, 199, 198. சராசரி 198.5. இங்கே இன்மைக் கருதுகோள் என்பது 'பொட்டலங்களின் உண்மையான சராசரி 200 கிராம்' என்பது. மாற்றுக் கருதுகோள், '200-க்குக் குறைவு'. மாதிரியின் சராசரி 200-லிருந்து எத்தனை திட்டப் பிழை (மாதிரிச் சராசரி வழக்கமாக ஆடும் அளவு) தள்ளி நிற்கிறது என்பதுதான் டி மதிப்பு. கணக்குப் போட்டால் −1.44. பொட்டலம் நான்கு என்பதால், அதில் ஒன்றைக் குறைத்து, அட்டவணையில் 3 என்ற வரிசையைப் பார்க்க வேண்டும். 5 சதவீத அளவில், குறைவா என்று மட்டும் பார்க்கும் ஒருபக்கச் சோதனைக்கு எல்லை −2.353. நம்முடையது அந்த எல்லையைத் தாண்டவில்லை.

"அப்போ எடை சரியாத்தான் கீதுன்னு கணக்கு சொல்லிடுச்சா கண்ணு?" என்று அத்தை கேட்டார். நீங்கள் விடைத்தாளில் எழுதியதும் இதே வாக்கியம்தான்.

இல்லை, கணக்கு அப்படிச் சொல்லவில்லை. உண்மையிலேயே பொட்டலத்துக்குச் சராசரியாக 2 கிராம் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பொட்டலத்துக்குப் பொட்டலம் உள்ள ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கமும் (எடைகள் சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) 2 கிராம் என்று வைப்போம். அப்படிப்பட்ட நிலையில் நான்கே பொட்டலத்தை நிறுத்துச் செய்யும் சோதனை அந்தக் குறைவைப் பிடிப்பதற்கான வாய்ப்பு பாதிகூடக் கிடையாது. குறை இருந்தும் பாதிக்கு மேற்பட்ட தடவை 'எல்லையைத் தாண்டவில்லை' என்றுதான் விடை வரும். இதைத்தான் இரண்டாம் வகைப் பிழை என்கிறோம். ஓட்டை பெரிதான வலையை இழுத்துவிட்டு, நெத்திலி வரவில்லை, அதனால் கடலில் நெத்திலியே இல்லை என்று கரையில் யாரும் சொல்லமாட்டார்கள். அத்தைக்கு இதைச் சொன்னதும் விஷயம் பிடிபட்டுவிட்டது.

முதல் வகைப் பிழை இதற்கு நேரெதிர்: எடை சரியாக இருக்கும்போதே குறைவு என்று தீர்ப்புச் சொல்வது. 5 சதவீதம் என்று நாம் வைக்கும் அளவு இந்தப் பிழையை மட்டும்தான் கட்டுப்படுத்துகிறது. இரண்டாம் வகைப் பிழைக்கு அது எந்த உத்தரவாதமும் தருவதில்லை. 'ஏற்கிறோம்' என்று எழுதும்போது உங்களிடம் இல்லாத அந்த உத்தரவாதத்தைத் தருகிறீர்கள். மதிப்பெண் போனது அதற்குத்தான், ஆசிரியர் செய்தது நியாயம் என்றே நினைக்கிறேன்.

சரி, நான்கு போதாது என்றால் இன்னும் ஐந்தை நிறுத்து அதோடு சேர்த்துவிடலாமே என்று தோன்றும். என் மாணவர்களில் பாதிப் பேர் அதைத்தான் சொல்வார்கள். செய்யக்கூடாது. விடையைப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் இன்னும் கொஞ்சம், அதுவும் பிடிக்கவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் என்று சேர்த்துக்கொண்டே போனால், எடை சரியாக இருந்தாலும் ஏதோ ஒரு கட்டத்தில் எல்லையைத் தாண்டும் வாய்ப்பு 5 சதவீதத்தைவிடக் கூடிவிடும். எத்தனை மாதிரி என்பதை நிறுப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். அதனால் அந்த நான்கையும் ஓரமாக வைத்தேன். அடுத்து கட்டிய 300 பொட்டலத்தில் ஒன்பதை எடுப்பது என்று முன்கூட்டியே நோட்டில் எழுதினோம்.

எந்த ஒன்பது என்பதும் முக்கியம். கட்டுபவர்கள் நான்கு பேர், நான்கு கை. மேலாக இருக்கும் ஒன்பதை எடுத்தால் ஒரே கை கட்டியதாகப் போய்விடும். பொட்டலத்துக்கெல்லாம் எண் போட்டு, சீட்டு எழுதி, பக்கத்து வீட்டுக் குழந்தையை விட்டு எடுக்கச் சொன்னோம். புத்தகத்தில் 'சமவாய்ப்பு மாதிரி' என்று இரண்டே வார்த்தையில் கடந்துபோகும் இடம் இது. இது கெட்டால் பின்னால் போடும் கணக்கு எதற்கும் அர்த்தம் இல்லை.

வந்த எடைகள்: 197, 200, 195, 199, 201, 196, 198, 199, 197. சராசரி 198. ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து விலகியதை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 30. அதை 8-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம் 1.94 கிராம். ஒன்பதின் வர்க்கமூலம் 3, அதால் வகுத்தால் திட்டப் பிழை 0.65. ஆக, 2 கிராம் குறைவு என்பது சுமார் 3.1 திட்டப் பிழை தூரம். டி மதிப்பு −3.1. 8 என்ற வரிசையில் 5 சதவீத எல்லை −1.860, 1 சதவீத எல்லைகூட −2.896-தான். இரண்டையும் தாண்டிவிட்டது. இப்போது தைரியமாக நிராகரிக்கலாம்: சராசரி 200 இல்லை, குறைவு.

பி மதிப்பு ஏறக்குறைய 0.007. இதை 'எடை சரியாக இருப்பதற்கான வாய்ப்பு 0.7 சதவீதம்' என்று படிக்காதீர்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் இங்கே சறுக்குகிறார்கள். உண்மையான சராசரி 200-ஆகவே இருந்தால், இவ்வளவு அல்லது இதைவிடக் குறைவான டி மதிப்பு ஒன்பது பொட்டலத்தில் வருவதற்கான வாய்ப்பு அது. 'இருந்தால்' என்ற வார்த்தையை விட்டுவிட்டால் பொருளே மாறிவிடும்.

டி-க்குப் பதில் இசட் அட்டவணையை (திட்ட விலக்கம் முன்பே தெரிந்திருந்தால் பார்ப்பது) ஏன் பார்க்கக்கூடாது என்றும் ஒருவர் கேட்டிருந்தார். திட்ட விலக்கம் 1.94 என்பதே இந்த ஒன்பதிலிருந்து கிடைத்த மதிப்பீடு, அதுவும் ஆடும். அந்த ஆட்டத்துக்கு இடம் கொடுக்கத்தான் டி பரவலின் இரண்டு ஓரமும் கனமாக இருக்கிறது. இதைக் கண்டுபிடித்தவர் டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட். பார்லி, ஹாப்ஸ் போன்றவற்றில் அவருக்குக் கிடைத்தது சின்னச் சின்ன மாதிரிகள்தான். 1908-இல் பயோமெட்ரிக்கா இதழில் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் எழுதினார், அதனால்தான் இன்றும் ஸ்டூடன்ட் டி என்கிறோம். சின்ன மாதிரிக்கு இந்த முறை பொருந்த, எடைகள் ஓரளவு இயல்நிலைப் பரவலில் (நடுவில் கூட்டமாக, இரண்டு பக்கமும் ஒரேபோலக் குறைந்துகொண்டே போகும் மணி வடிவம்) இருக்க வேண்டும் என்பதையும் விடைத்தாளில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இனி காரணம். சோதனை குறைவு என்று மட்டும்தான் சொல்லும், ஏன் என்று சொல்லாது. அதை நாம்தான் தேட வேண்டும். காலிக் கவர் ஒன்றை எடுத்துத் தராசில் வைத்தேன், 2 கிராம் காட்டியது. நான்கு பேரும் கவரோடு சேர்த்து 200 நிறுத்திருக்கிறார்கள். அச்சிடும் நிகர எடையில் கவர் சேராது. காலிக் கவரை வைத்துத் தராசில் 'டேர்' பொத்தானை அழுத்தி பூஜ்யமாக்கிவிட்டுத்தான் கருவாட்டைப் போட வேண்டும் என்பது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அத்தை யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. இருந்தாலும் கடைக்காரர் சொன்னது உண்மை.

இதில் இன்னொரு நுணுக்கம். 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி 200 கிராம் பொட்டலம் ஒன்று 9 கிராம் வரை குறையலாம், ஆனால் மாதிரியின் சராசரி அச்சிட்ட எடைக்குக் குறையக்கூடாது. நம் ஒன்பதில் தனித்தனியாக எந்தப் பொட்டலமும் அந்த 9 கிராம் வரம்பை மீறவில்லை, சராசரிதான் மாட்டியது. 'முழுமைத் தொகுதியின் சராசரி' என்று புத்தகம் சொல்வது இப்படி ஒருவர் பிழைப்பைத் தொடும் விஷயம்.

சராசரிக்குப் பதில் விகிதம் கேட்டால் முறை அதேதான், திட்டப் பிழைக்கு மட்டும் கருதுகோளில் உள்ள விகிதத்தைப் போட வேண்டும், மாதிரி பெரிதாக இருந்தால் இசட் அட்டவணையைப் பார்க்கலாம். அத்தை கவர் ஒட்டும் மிஷின் வாங்கியபோது, நூற்றுக்கு 5-க்கு மேல் ஒட்டு பிரியாது என்றார் விற்றவர். 200 பொட்டலத்தில் 16 பிரிந்திருந்தது, அதாவது 8 சதவீதம். திட்டப் பிழை 0.0154, இசட் மதிப்பு 1.95. ஒருபக்கச் சோதனை என்றால் எல்லை 1.645, நிராகரிக்கலாம். கூடுதலா குறைவா என்று இரண்டையும் பார்க்கும் இருபக்கச் சோதனை என்றால் 1.96, முடியாது! ஒரே தரவு, இரண்டு தீர்ப்பு. அதனால் எந்தப் பக்கம் என்பதைத் தரவைப் பார்த்த பிறகு தேர்ந்தெடுக்கக்கூடாது. 5-க்கு மேல் போகிறதா என்பதுதான் அத்தையின் கவலை, எண்ணுவதற்கு முன்பே அதை நோட்டில் எழுதியிருந்தோம், ஆகவே ஒருபக்கம்.

டேர் பொத்தானைப் பழகிய பிறகு மறுபடி ஒன்பது நிறுத்தோம். டி மதிப்பு எல்லைக்குள்ளேயே நின்றது. 'எடை சரி' என்று எழுதப்போன அத்தை, பேனாவை நிறுத்திவிட்டு, "குறைவுன்னு சொல்ல சாட்சி கிடைக்கல, அப்படித்தானே எழுதணும்?" என்று கேட்டு, அப்படியே நோட்டில் எழுதி, அடுத்த மாதம் இருபது பொட்டலம் நிறுக்க ஒரு தேதியும் குறித்துவைத்தார்.